4.7 சதவீதம் என்று வந்தால் என்ன அர்த்தம்? இணையத்தில் இதய ரிஸ்க் கணக்குப் போடுவோருக்கு

48 வயது ஆண். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால் 38, மேல் பிரஷர் 138, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. நம் ஊரில் எந்த லேப் வாசலில் நின்றாலும் இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு யாராவது வெளியே வருவார்கள். இந்த எண்களை அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2013-இல் வெளியிட்ட இதய ஆபத்துச் சூத்திரத்தில் போட்டால் 4.7 சதவீதம் என்று வருகிறது. பச்சை நிறக் கட்டம், 'குறைந்த ஆபத்து'. ஆள் நிம்மதியாகப் பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிடுவார்.

இப்போது அதே ஆளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். சிகரெட் உண்டு என்று மட்டும் மாற்றினால் 11 சதவீதம். சிகரெட்டை எடுத்துவிட்டுச் சர்க்கரை உண்டு என்று போட்டால் 8.9. இரண்டையும் எடுத்துவிட்டு வயதை மட்டும் 58 ஆக்கினால் 10.7. பிரஷரை 138-லிருந்து 158 ஆக்கினால் 5.9-தான்.

இந்த நான்கு எண்களிலேயே கால்குலேட்டரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். வெறும் பத்து வருஷமே கிட்டத்தட்ட சிகரெட் அளவுக்கு எண்ணை ஏற்றிவிடுகிறது. அதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வயது. 40-களில் இருப்பவருக்கு மற்ற எல்லாம் சுமாராக இருந்தாலும் அது குறைந்த எண்ணையே காட்டும். 70 தாண்டியவருக்கு எல்லாம் நன்றாக இருந்தாலும் பெரிய எண்ணைக் காட்டும். 158 பிரஷர் என்பது அந்தக் கணக்கில் ஒரு சதவீதம்தான் கூட்டுகிறது என்பதற்காக அதை விட்டுவைக்க முடியுமா? அதற்கு வைத்தியம் தேவை என்பது வேறு கணக்கு. ஆகவே இளவயதுக்காரர் 'எத்தனை சதவீதம்' என்பதைவிட 'எந்தக் கட்டத்தை மாற்றினால் எவ்வளவு நகர்கிறது' என்று பார்ப்பதே பயனுள்ளது.

4.7 என்றால் உங்களுக்கு 4.7 சதவீதம் அடைப்பு இருக்கிறது என்று பொருள் இல்லை. இப்படி நினைப்பவர்கள் நிறைய. இதே வயது, இதே கொலஸ்ட்ரால், இதே பிரஷர் உள்ள நூறு பேரைப் பத்து வருஷம் கவனித்தால் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்பதுதான் பொருள். அந்த ஐவரில் நீங்கள் ஒருவரா என்று சொல்ல எந்த இணையதளத்துக்கும் தெரியாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கும் பெரிய மதிப்பில்லை. நேற்று 138 இருந்த பிரஷர் இன்று 128 என்று அளந்தாலே 4.7 என்பது 4.1 ஆகிவிடும்.

அந்த நூறு பேர் யார்?

இதுதான் நம்மவர்கள் கேட்காமல் விடும் கேள்வி. இந்தக் கணக்குகளுக்கெல்லாம் தாய்வீடு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர். 1948-இல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து ஆய்வைத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். பின்னால் வந்த 2013 சூத்திரம் வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற இரண்டு பிரிவுகளின் தரவில் கட்டப்பட்டது. 'மற்றவர்' என்று தேர்ந்தெடுத்தால் வெள்ளையருக்கான கணக்கையே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 4.7-உம் அப்படி வந்ததுதான்.

நமக்கு அது பொருந்துமா? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59. ஆறு வருஷ வித்தியாசம். வயதையே முதுகெலும்பாக வைத்த கணக்கில் ஆறு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளி என்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களின் பட்டியலில் தனியாகச் சேர்த்தது. ஆனால் கால்குலேட்டரில் அதற்கென்று கட்டம் இல்லை. நீங்களாகத்தான் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2023 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கம் 'பிரிவென்ட்' என்ற புதிய கணக்கை வெளியிட்டது. இதில் இனம் என்ற கேள்வியே கிடையாது. 30 முதல் 79 வயது வரை போடலாம். 59 வரை உள்ளவர்களுக்கு 30 வருஷ ஆபத்தையும் சொல்லும். சிறுநீரகத்தின் வேலைத்திறன், உடல் எடைக் குறியீடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் கேட்கும். மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பையும் கணக்கில் சேர்க்கும். இங்கே ஒரு குழப்பம் வரும். அதே ஆளுக்குப் பழைய கணக்கு காட்டும் மாரடைப்பு, பக்கவாத எண்ணில் ஏறக்குறைய பாதியைத்தான் பிரிவென்ட் காட்டும். உடம்பு அப்படியேதான் இருக்கிறது, அளவுகோல்தான் மாறியது. போன வருஷம் ஒரு தளத்திலும் இந்த வருஷம் இன்னொரு தளத்திலும் போட்டுவிட்டு 'குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவது தராசை மாற்றிவிட்டு எடை குறைந்தது என்பது போல. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடருங்கள்.

இங்கிலாந்தின் 'க்யூரிஸ்க்3' நமக்குச் சற்று நெருக்கமானது. 25 முதல் 84 வயது வரைக்கும் உரியது. இனம் என்ற கட்டத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியாக உண்டு. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால், இந்தியர் என்று தேர்ந்தெடுத்தவருக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் ஆபத்து என்று அது கணக்கிடும். இலங்கையருக்குத் தனிக் கட்டம் இல்லை. லண்டனிலோ பர்மிங்காமிலோ இருக்கும் ஈழத்தமிழர் 'பிற ஆசியர்' என்று போட்டால் அந்தக் கூடுதல் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் பல நாட்டவரும் கலந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரரின் இரத்தக்குழாய் இராமநாதபுரத்துக்காரரின் குழாயைவிட எப்படி வேறுபடும் என்று எங்களுக்குப் புரியவில்லை. இரண்டு கட்டத்திலும் ஒருமுறை போட்டுப் பார்த்து, பெரிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுவதே எங்கள் யோசனை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 21 பகுதிகளுக்குத் தனித்தனி வண்ண அட்டவணைகள் போட்டது. இந்தியா தெற்காசிய அட்டவணையில் வரும். இலங்கை தென்கிழக்காசிய அட்டவணையில் வரும். வரைபடத்தைப் பார்த்து யூகித்தால் தவறான தாளை எடுத்துவிடுவீர்கள். 40 முதல் 74 வயதுக்கு உரியது. இரத்தப் பரிசோதனை இல்லாமலே வயது, பாலினம், புகை, பிரஷர், உடல் எடைக் குறியீடு ஆகியவற்றை மட்டும் வைத்துப் பார்க்கும் ஓர் அட்டவணையும் உண்டு. கிராமத்து முகாம்களுக்கு அருமையான கருவி. ஆனால் அதில் சர்க்கரைக்கு இடமில்லை. சர்க்கரை உள்ளவர் அதைப் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். அவர் கொலஸ்ட்ரால் கேட்கும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பிரித்துத் திருத்திய ஃபிரேமிங்ஹாம் கணக்கை அந்நாட்டு அரசே 2023-இல் புதுப்பித்திருக்கிறது.

எதை எடுத்தாலும் மூலத் தளத்திலேயே போடுங்கள். 'உங்கள் இதயம் எத்தனை மார்க்?' என்று கேட்டுவிட்டு, முடிவைக் காட்டும் முன் போன் நம்பர் கேட்கும் தளங்கள் கணக்குப் போடுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. பேக்கேஜ் விற்பதற்காக வைக்கப்பட்டவை. எந்தச் சூத்திரம் என்று எழுதாத தளத்தின் எண்ணுக்கு மதிப்பே இல்லை. நல்ல சூத்திரமும் கெட்ட மென்பொருளில் ஏறினால் தப்பாகும். இங்கிலாந்தில் மருத்துவர்கள் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் 2009 முதல் தவறான கணக்கு ஓடிக்கொண்டிருந்தது 2016-இல்தான் வெளியே தெரிந்தது.

உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிரஷர் எண்தான் பெரும்பாலும் முதலில் கெடுகிறது. படி ஏறி வந்த வேகத்தில், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக்கொடுத்துக்கொண்டே எடுத்த ஒரே ஓர் அளவை வைத்துப் பத்து வருஷ ஜோசியம் பார்க்க முடியாது. முறை இதுதான்: அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை வெறும் கையில் படட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டுப் போட்டது போல ஆகிவிடும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி போடுங்கள். இப்படி நான்கைந்து நாள் காலை, மாலை எடுத்துவிட்டால் நம்பகமான எண் கிடைக்கும்.

பட்டையின் அளவைப் பலரும் பார்ப்பதே இல்லை. கடையில் வாங்கும் மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை அளந்து பாருங்கள். 32-க்கு மேல் என்றால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் பத்துப் புள்ளிக்கு மேல்கூடக் கூட்டிக் காட்டும்.

அடுத்தது கொலஸ்ட்ரால். மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்டிஎல்லுக்கும் வெறும் வயிறு அவசியமில்லை. சாப்பாடு பெரிதாக ஏற்றி இறக்குவது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பைத்தான். ஆனால் காய்ச்சலோடு கிடந்தபோதும் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் எடுத்த ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். அந்த வாரங்களில் கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். கர்ப்ப காலத்தில் நேர்மாறு, ஏறியிருக்கும்.

அலகு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்திய லேப்கள் மி.கி./டெசிலிட்டரில் தருகின்றன. இங்கிலாந்து, ஐரோப்பியத் தளங்கள் மில்லிமோலில் கேட்கும். 38.67-ஆல் வகுத்தால் மில்லிமோல். அதாவது 210 என்பது 5.43, 38 என்பது 0.98. உலக சுகாதார நிறுவன அட்டவணையிலும் மில்லிமோல்தான். க்யூரிஸ்க்3 கேட்பது மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்த விகிதம். எந்த அலகில் போட்டாலும் விடை ஒன்றே. நம் ஆளுக்கு 210-ஐ 38-ஆல் வகுத்தால் 5.5. இங்கேதான் வழுக்கல்: லேப் ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு விகிதங்கள் அச்சாகியிருக்கும். ஒன்று மொத்தம்/எச்டிஎல், இன்னொன்று எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்)/எச்டிஎல். இரண்டாவது நம் ஆளுக்கு 3.6 இருக்கும். அவசரத்தில் அதை எடுத்துப் போட்டுவிட்டு எண் குறைந்ததே என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்ட பிரிவென்ட் கேட்கும் இஜிஎஃப்ஆர் எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்காது, சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் மட்டும் இருக்கும். அதை வயது, பாலினத்தோடு சேர்த்து 2021 சிறுநீரகச் சூத்திரத்தில் போட்டால் கிடைத்துவிடும். 48 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் சுமார் 93.

கட்டங்களை நிரப்பும்போது

'சர்க்கரை உண்டா?' என்ற கேள்விக்கு 'மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்பதால் இல்லை என்று குறிப்பது நம்மவர்களின் வழக்கமான தப்பு. மாத்திரை எடுத்தாலும், பத்தியத்தாலேயே சமாளித்தாலும் உண்டு என்றுதான் போட வேண்டும். பிரஷரும் அப்படியே. மாத்திரையோடு 126 என்றால், 126 என்றும் எழுதி, 'சிகிச்சை உண்டு' என்பதையும் குறியுங்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன் இருந்த 160-ஐப் போடக் கூடாது. சிகிச்சைக் கட்டமே அந்தக் கூடுதலைப் பார்த்துக்கொள்ளும்.

பீடி, சுருட்டு எல்லாம் புகைதான். 'நான் சிகரெட் தொடமாட்டேன், பீடிதான்' என்பவருக்கு விலக்கு இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா போன்றவற்றை மேலே சொன்ன எந்தக் கணக்கும் கேட்பதில்லை. கேட்காததால் அவை பாதுகாப்பானவை ஆகிவிடாது. போன மாதம்தான் சிகரெட்டை விட்டவரை 2013 கணக்கு உடனே 11-லிருந்து 4.7-க்கு இறக்கிவிடும். உடம்பு அவ்வளவு வேகமாக மன்னிப்பதில்லை. பல வருஷங்களில் மெல்லத்தான் இறங்கும். க்யூரிஸ்க்3-இல் 'முன்பு புகைத்தவர்' என்று தனிக் கட்டம் உண்டு, அது கொஞ்சம் நியாயமானது.

குடும்ப வரலாற்றை அமெரிக்கக் கணக்குகள் இரண்டும் கேட்பதே இல்லை. க்யூரிஸ்க்3 கேட்கும்: இரத்த உறவில் முதல் வட்டத்தில், அதாவது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் நெஞ்சுவலியோ மாரடைப்போ வந்ததா என்று. தாய்மாமனும் சித்தப்பாவும் இதில் சேர மாட்டார்கள். 82 வயதில் மாரடைப்பில் போன அப்பாவும் சேர மாட்டார். 'தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று சொல்லப்படும் 50 வயது அண்ணனைப் பற்றி மட்டும் வீட்டில் நன்றாக விசாரியுங்கள்.

அதே தளத்தில் 'ஸ்டீராய்டு' என்பது தொடர்ந்து விழுங்கும் மாத்திரை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர் அல்ல. பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், நம் பின்கோடு அங்கே செல்லாது. பிரஷரின் திட்ட விலக்கம் (அளவுக்கு அளவு அது எவ்வளவு மாறுகிறது) என்ற கட்டமும் காலியாக இருக்கலாம்.

பெண்களுக்கு இந்தக் கணக்குகள் செய்யும் அநியாயம் தனி. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்புக்கு அருகே போனது, கர்ப்பச் சர்க்கரை, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது இவையெல்லாம் பிற்காலத்தில் இதய ஆபத்தைக் கூட்டுபவை. மேலே சொன்ன கருவிகளில் ஒன்றுகூட இவற்றைக் கேட்பதில்லை. எண் சிறியதாக வந்தாலும் மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றி அவராகக் கேட்பது அரிது.

எண் வந்த பிறகு

எந்த எண்ணை அதிக ஆபத்து என்று பிரிப்பது என்ற கோடுகள் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் க்யூரிஸ்க் 10 சதவீதம் தாண்டினால் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மாத்திரை 20 மி.கி. பற்றிப் பேச்சு தொடங்கும். 2013 அமெரிக்கக் கணக்கில் 5-க்குக் கீழே குறைவு, 7.5 வரை எல்லைக்கோடு, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் கோட்டோடு ஒப்பிடாதீர்கள்.

மாத்திரையால் என்ன லாபம் என்பதையும் அதே நூறு பேரை வைத்தே பார்க்கலாம். எல்டிஎல் சுமார் 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன. எல்டிஎல் 136 இருப்பவர் அடோர்வாஸ்டாடின் 20 எடுத்தால் அது 55, 60 புள்ளி இறங்கும். ஆகவே ஆபத்து 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய 7 ஆகும். நூறு பேர் பத்து வருஷம் விழுங்கினால் மூன்று பேர் தப்புகிறார்கள். இது பெரிதா சிறிதா என்பது அவரவர் முடிவு. ஆனால் இந்த எண்ணைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு, வாட்ஸ்அப்பில் வந்த ஸ்டாடின் வீடியோவைப் பார்த்து எடுப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

நடுவில் தொங்கும் எண் வந்தவர்கள், நம் 48 வயதுக்காரரைப் போல் எண் சிறியதாக இருந்தும் அப்பாவுக்கு 50-இல் மாரடைப்பு வந்தவர்கள், மேலும் இரண்டு சோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஒன்று லைப்போபுரோட்டீன்-ஏ, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு வகைத் துகள். பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். மேலே சொன்ன எந்தக் கால்குலேட்டரிலும் இதற்குக் கட்டம் இல்லை. இன்னொன்று சி.டி. மூலம் இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை எண்ணும் கால்சியம் ஸ்கோர். 100-க்கு மேல் வந்தால் தயக்கத்துக்கு இடமில்லை. பூஜ்யம் வந்தால் நல்லதுதான். ஆனால் 40 வயது புகைப்பவருக்கு வரும் பூஜ்யத்தை நம்பிப் பெட்டிக்கடைக்குத் திரும்பக் கூடாது. சுண்ணாம்பு படியாத மென்படிவை அந்தப் படம் காட்டாது.

'உங்கள் இதயத்தின் வயது 57' என்று சில தளங்கள் சொல்லும். எல்லா அளவும் சரியாக உள்ள, புகைக்காத எந்த வயதுக்காரருக்கு இதே ஆபத்து இருக்கும் என்பதுதான் அந்த எண். இதயத்தை யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் சிகரெட்டை விடாதவருக்குக் காட்டுவதற்கு மட்டும் நல்ல எண்.

சிலர் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள்; எல்டிஎல் 190-க்கு மேல் உள்ளவர்கள். இவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது கணக்கில்லாமலே முடிவான விஷயம். கால்குலேட்டர் இவர்களை எடுத்துக்கொண்டால் பொய்யான ஆறுதலைத்தான் தரும். இப்போதே நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருப்பவர் 'கேஸ் ட்ரபிள்தான்' என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இணையத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

ஸ்டாடின் ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து, புதிய கொலஸ்ட்ராலைப் போட்டுப் பார்த்து, '6 ஆகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. க்யூரிஸ்க், 2013 கணக்கு இரண்டும் ஸ்டாடின் எடுக்காதவர்களுக்காகச் செய்தவை. மாத்திரை இறக்கிய கொலஸ்ட்ராலை அவற்றில் போட்டால், எப்போதும் அந்த அளவிலேயே இருந்த ஒருவரின் எண்ணைத்தான் தரும். ஸ்டாடின் எடுப்பவர் பார்க்க வேண்டியது எல்டிஎல் எவ்வளவு இறங்கியது என்பதை. அதற்கு ஆரம்பித்த அன்றைய ரிப்போர்ட் தேவைப்படும். தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், லேப் தாளின் மை ஒரு கோடையிலேயே மங்கிவிடுகிறது.